எழில்மதியின் நிற்காத தூரம்

எழில்மதிக்குச் சுரங்கத்து கேன்டீனில் ஒப்பந்த வேலை. காலை ஷிப்டுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் இட்லியை இறக்கிவிட வேண்டும். அது முடிந்தால் சோறு, சாம்பார். நாற்பத்து மூன்று வயதில் அவள் சோர்ந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. அந்த வருடம் மாசியில் தூரமானவளுக்கு ரத்தப்போக்கு பங்குனி பிறந்தும் நிற்கவில்லை.

சீருடைச் சேலை வெளிர்நீலம். பட்டால் மறைக்க முடியாத நிறம். துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டியே வேலை செய்தாள். பெண்கள் கழிப்பறை, வண்டிகள் நிற்கும் ஷெட்டையும் தாண்டி இருந்தது. இரண்டாவது முறை கேட்டாலே சூப்பர்வைசர், "இப்பத்தானம்மா போயிட்டு வந்தே?" என்பார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சாம்பாரைக் கிண்டினாள்.

வீட்டுக்கு வந்தால் வேறு மாதிரிச் சிறை. மாமியார் சாமியம்மாளுக்குத் தூரம் என்றால் தூரம்தான். பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் மகள் இசைப்பிரியா தூக்கி ஊற்ற வேண்டும். மாதத்தில் மூன்று நாள் என்று இருந்தது, இப்போது முடிவே இல்லாமல் நீண்டது. ஷிப்டு முழுக்க நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு வருபவள், சொந்த வீட்டில் சோற்றுப்பானையைத் தொடக் கூடாது.

"நிக்கப் போற நேரம் அப்டித்தான் போவும். எனக்கும் போச்சு. எல்லாத்துக்கும் டாக்டர்கிட்ட ஓடிக்கினு இருப்பாங்களா?" என்றாள் சாமியம்மாள்.

கணவன் இளம்பரிதி அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் வெல்டர். இந்தப் பேச்சு எழுந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான்.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாள் வந்தது. மெடிக்கலில் கேட்டு, தூரத்தைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். நின்றது. அவளும் நிம்மதியாகப் பொங்கல் வைத்தாள். மாத்திரையை விட்டதும், அணை உடைந்த மாதிரி ரத்தம் கட்டி கட்டியாகப் போனது.

சித்திரை வெயிலில் ஒருநாள் சாம்பார் அண்டாவின் பக்கத்திலேயே சரிந்துவிட்டாள். தூக்கியவள் நாகம்மாள். தேனிப் பக்கத்துக்காரி, அதே கேன்டீனில் பர்மனென்ட்.

"ஏத்தா எழிலு, கண்ணத் தொற. உதடெல்லாம் வெளுத்துக் கெடக்கே, எம்புட்டு நாளா இப்படி?"

"நிக்கப் போற நேரம்க்கா."

"யாரு சொன்னா ஒனக்கு? எந்திரி, போவோம்."

மகளிர் மருத்துவர் தேவயானி முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஆறு; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இந்த உடம்போடு எப்படி நின்று வேலை செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"இந்த வயசுல ரத்தம் நிக்காமப் போறதுக்குப் பல காரணம் இருக்கும்மா. கர்ப்பப்பையில கட்டி இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், ஹார்மோன் ஏறி இறங்கி உள்சவ்வு தடிச்சிருக்கலாம். அபூர்வமா புற்றாவும் இருக்கலாம். பார்க்காமலே நிக்கப் போற நேரம்னு யாரும் சொல்லக் கூடாது."

ஸ்கேன் படம் வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "காப்பர்-டி எப்போ வச்சீங்க?" என்றார்.

"நான் எதுவும் வெச்சிக்கலியேம்மா."

"உள்ள இருக்கே. பிரசவம் எப்படி ஆச்சு?"

"ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. பதினேழு வருசம் ஆவுது."

மருத்துவர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்பவே வச்சிருப்பாங்க. அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட வைக்கிறது. வச்சவங்க உங்ககிட்டக் கேட்டிருக்கணும். இத்தனை வருசம் வச்சிருக்கவும் கூடாது."

இசைப்பிரியாவுக்குப் பிறகு வயிறு திறக்கவில்லை என்று எழில்மதி பட்டது கொஞ்சமா? ஒன்றோடு அடைந்துபோன வயிறு என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஏறாத கோயில் இல்லை. வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து அரைத்துக் குடித்தாள், மண்சோறு சாப்பிட்டாள். இருவரும் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போகலாம் என்று அவள் கேட்டதற்கு இளம்பரிதி, "எனக்கு இன்னா கொறச்சல்?" என்று முறைத்தான்; டாக்டர் பேச்சு அதோடு நின்றது. கொழுந்தனுக்கு மகன் பிறந்தபோது, குழந்தையைத் தூக்க அவள் கை நீட்டியதும் சாமியம்மாள் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துவிட்டாள். அத்தனை காலமும் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

ரத்தம் ஏற்றி, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு அதை எடுத்தார்கள். எஃகுத் தட்டில் கருத்துப்போன சிறு குச்சி. பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிப் பார்த்தாள். உள்சவ்விலும் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. வயதுக்கேற்ற ஹார்மோன் மாற்றமும் சேர்ந்துகொண்டிருக்கிறது, மருந்தைத் தொடர வேண்டும் என்றார் தேவயானி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இளம்பரிதி தலையைத் தூக்கவே இல்லை. சாமியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"சாமி சத்தியமா தெரியாதுடி. என்னாண்ட யாரு சொன்னா? உன் வூட்டுக்காரனாண்டயும் சொல்லல."

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கலாம் என்றாள் இசைப்பிரியா. யாரைப் போய்க் கேட்பது? பார்த்தவர்கள் முகம்கூட எழில்மதிக்கு நினைவில்லை. கோபம் வந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ரத்தப்போக்கு குறைந்து குறைந்து நின்றது. நடக்கும்போது மூச்சு வாங்குவது போயிற்று. பின்கட்டுப் பாயைச் சுருட்டி அவளே உள்ளே கொண்டுவந்து போட்டாள். சாமியம்மாள் தடுக்கவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மருமவ மேல தப்பு இல்ல. அந்தக் கம்பி மட்டும் இல்லன்னா எம்பேரன் இந்நேரம் பத்தாவது படிச்சிக்கினு இருப்பான்" என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அந்தப் பேரன் வளர்ந்தான். ஒருநாள் அவனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது. இன்னொரு நாள் அப்பனைவிட உயரமானான். இளம்பரிதி அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். இசைப்பிரியா தட்டோடு எழுந்து போய்விடுவாள்.

எழில்மதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் சொன்னாள். "அத்தை, பொறக்காத புள்ளைக்கு இனிமே வயசு ஏத்தாதீங்க. வூட்ல பொறந்த புள்ள ஒண்ணு இருக்குது."

சாமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று முழுக்கப் பேரன் பேச்சு எழவில்லை. மறுநாள் எழில்மதி வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம் அந்தக் குரல் மறுபடி கேட்டது: "இந்நேரம் அவன் வண்டி ஓட்டிக்கினு போயி ஆத்தாள மைன்ஸ்ல எறக்கி வுட்டிருப்பான்."

எழில்மதி குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். பஸ்ஸுக்கு நடந்தாள்.