மாடல் பிளாட்டில் லில்லி

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதல்ல, சோபா துடைப்பது. எழுபதுகளின் கடைசி. உடல் ஊனமுற்ற பிள்ளைகள் தங்கும் ஓர் இல்லத்தில் அட்டெண்டன்ட்டாகச் சேர்ந்திருந்தேன். அங்கே ஹாலைத் தடுத்து, அடுக்குமாடி வீடு மாதிரியே ஓர் அறை அமைத்திருந்தார்கள். சோபா, சாப்பாட்டு மேசை, குட்டிக் கிச்சன் எல்லாம் உண்டு. பெயர் மாடல் பிளாட். வீட்டுக்குத் திரும்பப் போகிற பிள்ளை முதலில் அதில் ஒரு மாதம் பழக வேண்டும், பிறகுதான் டிஸ்சார்ஜ். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைகள் நுழைந்தால் அழுக்காகிவிடும் என்று, இல்லத்தை நடத்திய மேட்ரன் அதைப் பூட்டியே வைத்திருந்தார். நன்கொடை கொடுப்பவர்கள் வந்தால் மட்டும் திறப்போம்.

லில்லிக்குப் பத்து வயது. நடக்க முடியாது, பேச்சு குழறும், சிரிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவள் அம்மா பிலோமினாவுக்குத் தேக்காவில் ஒரு தையல் கடையில் வேலை. கணவர் இறந்ததும் வேறு வழியில்லாமல் மகளை எங்களிடம் விட்டவர். தோ பாயோ அடுக்குமாடியில் அரசாங்க வீடு கிடைத்ததும், வீட்டிலேயே தைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றார்.

"ட்ரெய்னிங் முடியாம எப்படி அனுப்புறது?" என்றார் மேட்ரன்.

"ட்ரெய்னிங் எப்ப மேடம்?"

"ரூம் இன்னும் ரெடியாகல லா. கர்ட்டன் கூட இல்ல."

பிலோமினா அடுத்த ஞாயிறே கர்ட்டன் தைத்துக் கொண்டுவந்தார். மேட்ரனுக்கு ரொம்பச் சந்தோஷம். அவ்வளவு அழகான கர்ட்டன் தொங்கும் அறைக்குள் பிள்ளையை அனுப்ப அவருக்கு இப்போது இன்னும் மனசு வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பிலோமினா தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வருவார். மகளுக்குத் தலை பின்னிவிட்டு, மேட்ரனிடம் அதே பதிலைக் கேட்டுவிட்டு, பஸ் ஏறுவார். லில்லி சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அந்த விரல்களைப் பிரிப்பது என் டியூட்டி. அதற்குச் சோபா துடைப்பதே மேல்.

ஒரு நாள் ஒரு பெரிய வியாபாரி வந்தார். மாடல் பிளாட்டைச் சுற்றிப் பார்த்தவர், "எல்லாம் சரி, பிள்ளைங்க எங்க?" என்று கேட்டுவிட்டார். மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்ட பிள்ளையைத் தூக்கி வந்தேன். எப்படியோ லில்லிதான் அகப்பட்டாள்.

சோபாவில் உட்கார வைத்தேன். வியாபாரி குனிந்து, "வீடு மாதிரியே இருக்கு, இல்லயாம்மா?" என்றார். லில்லி சிரித்தாள். சோபா நனைந்தது.

அவர் போனதும் மேட்ரன் சோபாவைப் பார்த்தார், கர்ட்டனைப் பார்த்தார். "ஸ்டெல்லா, இந்தப் பிள்ளைக்கு ட்ரெய்னிங் முடிஞ்சிருச்சு."

"ஒரு மாசம்னு சொன்னீங்களே மேடம்."

"முடிஞ்சிருச்சுன்னு சொல்றேன்ல."

அந்த வாரமே லில்லி வீடு போய்ச் சேர்ந்தாள்.

இதோடு நிறுத்தினால் சுபம். கொஞ்ச நாள் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில் பிலோமினாவைப் பார்த்தேன். முகம் பாதியாகியிருந்தது.

"லில்லி நல்லா இருக்கா சிஸ்டர். நான்தான் தூங்கி நாளாச்சு. அங்க நீங்க மூணு பேரு மாத்தி மாத்திப் பாத்தீங்க, இங்க நான் ஒருத்தி. இத மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, திருப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லிடுவாங்க."

வீடு நல்லதா, இல்லம் நல்லதா என்று பிற்பாடு கறி பஃப் சாப்பிட்டுக்கொண்டே எவ்வளவோ கூட்டங்களில் பேசினார்கள். நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். யாருமே குடியில்லாத வீட்டைத் துடைக்க எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அடுத்த லீவு நாளில் தோ பாயோ போனேன். லில்லியைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். காபி போடுகிறேன் என்று கிச்சனுக்குப் போன பிலோமினாவைக் காணோம். எட்டிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, அவரை எழுப்பாமல் லில்லியிடம் திரும்பி வந்தேன். காபி சாயங்காலம்தான் கிடைத்தது.