மேடையில் வந்த வீட்டுக்காரர்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். முந்தின ஆள் எப்படிக் கண்ணை இறுக்கி மூடினார், எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டார் என்று செய்து காட்டுவாள். சிரித்து முடிப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும்.

ஓர் ஊழியர் விழாவில் கணவனின் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்மையால் மீசை வரைந்து மேடையேறினாள். பாடினாள், ஆடினாள், ஒரே ஆளாக மூன்று பேர் சண்டையைப் போட்டாள். கடைசியில் "எங்க வீட்டுக்காரர்" என்று ஆரம்பித்தாள். அதிலிருந்து பன்னிரண்டு வருடம் அந்த வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்வந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே துண்டைத் தேடுகிறவர். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சமையலறையில் இருப்பவளைக் கூப்பிடுகிறவர். மனைவிக்குச் சம்பளம் கூடினால் வயிற்றுவலி வருகிறவர். படுக்கையறை விஷயம் வரும்போது முன்வரிசைப் பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள், விரலிடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். இரண்டு சங்கங்கள் இனி இவளைக் கூப்பிடுவதில்லை என்று தீர்மானம் போட்டன. மற்ற சங்கங்களுக்கு அதுவே விளம்பரமாகிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "உங்களப் பாத்துதான் திரும்ப வேலைக்குப் போனேன்" என்றாள் ஒருத்தி. "அப்ப என் பேரச் சொல்லி லீவு கேக்காத" என்றாள் இவள். உருகுவது அவளுக்கு வராது.

நிஜமான வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டில் துணி மடிப்பது அவர்தான், அவள் மேடைக்குப் போட்டுப்போகிற அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் அவர்தான். நிகழ்ச்சிகளுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். மேடையில் வருகிறவர் தாம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

போன வருடம் அவரைப் போர்மேன் ஆக்கினார்கள். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் அங்கே உண்டு. ஒரு வண்டியின் பிரேக்கை இன்னொரு தடவை பார்க்கும்படி இவர் சொன்னதற்கு அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லுங்க, செஞ்சிடலாம்" என்றார். அவள் நிகழ்ச்சியைப் பற்றித் தெரிந்த பட்டறையே சிரித்தது. இவர் தம் அறைக்குத் திரும்பினார். யாரும் பிரேக்கைப் பார்க்காமலே வண்டி கிளம்பியது. வாசலில் நிற்காமல் சுவரில் மோதி நின்றது. ஒரு விளக்கு உடைந்தது, ஆளுக்கு அடியில்லை.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "இனிமே மேடையில நான் வேணாம்."

"அது நீங்க இல்லைங்களே."

"எனக்குத் தெரியும். பிரேக் பாக்கறவனுக்குத் தெரியலையே. அடுத்த தடவை வண்டியில ஆளு இருக்கும்."

அவள் வாதாடவில்லை. அவரை எடுத்துவிட்டால் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் பாதி போய்விடும், மிச்சத்தில் உயிர் இருக்காது. ஆசிரியைகள் சங்க விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. புதிதாக எழுதியதை எல்லாம் அவளே கிழித்துப் போட்டாள்.

விழாவில் பாட்டும் ஆட்டமும் முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க உங்க வீட்டுக்காரரு? இன்னும் துண்டு கிடைக்கலையா?"

அவள் மீசையை முழங்கையால் துடைத்தாள். பாதி கன்னத்தில் ஈஷிக்கொண்டது.

"துண்டு தேடினது எங்க அண்ணன்" என்றாள். "தண்ணி கேட்டது எங்கப்பா. பொம்பளைக்குச் சம்பளம் கூடினா வயித்துவலி வர்றது எங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டருக்கு. அவங்களச் சொன்னா அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாது, வேலையும் இருக்காது. வீட்டுல துணி மடிச்சு வைக்கிற, கோபப்படாத ஆம்பள ஒருத்தர் இருந்தாரு. எல்லாத்தையும் அவர் தலையில கட்டிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு ஆசிரியை, "எங்க வீட்டுலயும் அதே கதைதாங்க, திட்டு வாங்கறது நல்லவருதான்" என்றாள். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி முன்னால் வந்தது. அதன்பின் அவள் அண்ணனை அண்ணனாகவே, டாக்டரை டாக்டராகவே செய்தாள்.

யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணி மட்டும் மத்தியானம் கூப்பிட்டு, "ஒரு வார்த்தையும் பொய்யில்ல, நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றாள். பெரிய டாக்டர் அவளை மாடியில் காகிதக் கட்டுகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார். அங்கே சிரிக்கவைக்க ஆளில்லை. பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லி மனு எழுதிப் போட்டிருக்கிறாள்.

டிப்போவுக்கும் அந்த வீடியோ போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை எல்லாரும் கேட்கும்படி மூத்த மெக்கானிக் விசாரித்தார்: "ஏண்ணே, வீட்டுல துணி மடிக்கிறது நெசமாவே நீங்கதானாமே?"

"ஆமா, மடிப்பேன். பெட்ஷீட்டும் மடிப்பேன்" என்றார் போர்மேன். "பதினாலாம் நம்பர் வண்டிக்கு ஆயில் மாத்தியாச்சா?"

இந்தத் தடவை அவர் அறைக்குப் போகவில்லை. பதில் வரும்வரை அதே இடத்தில் நின்றார். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் அவரவர் வண்டிக்குத் திரும்பினார்கள்.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.