கை தூக்கிய ஞானப்பிரகாசம்

மல்லேஸ்வரம் சந்தையில் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நாகராஜ் கைப்பேசியில் அழைத்தார். "சார், ஞானம் சார் ஹோக்பிட்ரு" என்றார். நாகராஜ் கன்னடக்காரர் என்றாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஞானம் போய்விட்டார் என்பதைத் தமிழில் சொல்ல அன்று அவருக்கு வாய் வரவில்லை. எப்போது என்று கேட்டேன். முந்தின நாள் மாலையே என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கொத்தமல்லியைக் கடையிலேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஞானப்பிரகாசத்தை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் வீடு. தொலைபேசி இலாகாவில் உத்தியோகம். விடுமுறை நாட்களில் ஓட்டப்பந்தயங்களுக்கு நேரம் எடுப்பது அவருடைய பைத்தியம், என்னுடையதும் அதுதான். நான் அந்தக் குழுவுக்குத் தலைமை. தலைமை என்றால் வெயிலில் முதலில் வந்து கடைசியில் போகிறவன், அவ்வளவுதான். அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். மைதானத்தில் எங்களை ஓயாமல் கேலி செய்வார். "மூர்த்தி, உன் தொப்பைய முடிவுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வெச்சிக்க. அதுக்கும் நேரம் எடுக்க வேண்டியதா போயிடும்" என்று ஒருமுறை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார். அரங்கம் முழுவதும் கேட்டது.

நூறு மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடிப்பது ஒரு முனையில், நாங்கள் கடிகாரத்தோடு நிற்பது மறுமுனையில். வெடிச்சத்தம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டக்காரர் புறப்பட்டுவிடுவார். அதனால் சத்தத்துக்கு அமுக்கக் கூடாது, துப்பாக்கியின் புகை தெரிந்ததும் அமுக்க வேண்டும். சத்தத்துக்கு அமுக்கினால் ஓடியவருக்கு அவர் ஓடாத வேகம் கிடைத்துவிடும். தேவாலயத் திருவிழாவில் வெடி போட்டால்கூட ஞானம் வானத்தில் புகையைத்தான் தேடுவார். சட்டைப்பைக்குள் அவருடைய கட்டைவிரல் அசையும். "கோயில்லயாவது கைய சும்மா வெச்சிக்கங்க" என்று அவருடைய மனைவி செலின் அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் மாலத்தீவிலிருந்து ஓட்டக்காரர்கள் சிலர் பயிற்சிக்காக பெங்களூருக்கு வருவார்கள். அப்படி வந்தவர் ஹஸன். ஞானம் வீட்டுத் தெருவிலேயே அறை எடுத்திருந்தார். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர், செலினோ மீன்குழம்பு வைப்பதில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹஸனுக்கு அங்கேதான் சாப்பாடு. அரைகுறை இந்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் அவரும் ஞானமும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒரே வயதுக்காரர்கள் போலச் சண்டையும் போட்டுக்கொள்வார்கள்.

பக்கத்து நாடுகளெல்லாம் கூடி நடத்தும் விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டியின் பதக்கப் பட்டியலில் ஹஸனின் நாட்டைக் கடைசி வரிசையில்தான் தேட வேண்டும். அவர்களுடைய மேலாளர் அப்துல்லா அதை மறைக்கவே மாட்டார். "மத்தவங்க தங்கத்தை எண்ணுவாங்க. நாங்க எங்க நாட்டுச் சாதனையை யார் உடைச்சாங்கன்னு எண்ணுவோம். அதுதான் எங்க பதக்கம்" என்று என்னிடம் சொன்னார். குறுந்தூர ஓட்டத்துக்கு அவர்களிடம் ஓர் இடம்தான் இருந்தது. நூறு மீட்டரில் நாட்டின் பழைய சாதனையை உடைத்தால் ஹஸன் போகலாம். உடைக்காவிட்டால் அந்த இடம் ஒரு நீச்சல்காரருக்குப் போய்விடும். பெங்களூரில் இரண்டு நாள் நடந்த ஒரு திறந்த போட்டிதான் ஹஸனுக்குக் கடைசி வாய்ப்பு. பெயர்ப் பட்டியலை இரண்டாம் நாள் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

முதல் நாள் விடியும்போதே தூறல். வானம் சாம்பல் நிறம். ஹஸன் முதலாவதாக வந்தார். அவருக்கு நேரம் எடுத்தவர்கள் ஞானம், நாகராஜ், லதா என்ற உடற்கல்வி ஆசிரியை. மூன்று கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. பழைய சாதனையைவிட வினாடியில் பத்தில் மூன்று பங்கு குறைவு. அப்துல்லா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம், ஊருக்குச் செய்தி சொல்ல மைதான வாசலில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். ஹஸன் மண்டியிட்டுத் தரையைத் தொட்டு அழுதுகொண்டிருந்தார். நான் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் ஞானம் கையைத் தூக்கினார். வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல, தோளுக்கு மேலே, நேராக.

"மூர்த்தி, என் டைம எடுத்துக்காத. பொகை வரல. நான் சத்தத்துக்கு அமுக்கிட்டேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "விளையாடாத ஞானம்" என்றேன்.

"தோட்டா நமுத்துப் போயிருக்கு. சத்தம் வந்துச்சு, பொகை வரல. நான் காத்துட்டு இருந்தேன். சத்தம் காதுல விழுந்ததும் விரல் தானா போயிடிச்சு."

ஒரு கடிகாரம் கழிந்தாலும் மற்ற இரண்டு இருக்கின்றன. இரண்டு போதும் என்று விதி இருக்கிறது, அதை எல்லாரும் அறிவோம். நான் நாகராஜைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அப்துல்லா பூத்திலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தார். பிறகு நாகராஜ் மெல்ல, "நந்தூ அஷ்டே" என்றார். தன்னுடையதும் அப்படித்தான் என்று பொருள். லதாவும் தன் கடிகாரத்தை என் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அப்துல்லாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் ஞானத்தின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். "எங்க ஊர் ரேடியோவுல சொல்லப் போறாங்க. நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கத்தினார். ஞானம் அவரைத் தாண்டி ஹஸனிடம் போனார். பின்னால் பல தடவை அவர் திருப்பிச் சொன்ன வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகச் சொன்னார்: "நீ ஓடினத நான் தொலைக்கக் கூடாது. ஓடாதத உனக்குக் குடுக்கவும் கூடாது." ஹஸன் அவரைப் பார்க்கவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

எங்களுக்கு இருந்தது ஒரே வழி. மறுநாள் காலையில் நூறு மீட்டரைத் தனி ஓட்டமாக இன்னொரு முறை நடத்த வேண்டும். அமைப்பாளர்களை நான் சம்மதிக்க வைத்தேன், ஆனால் கூட ஓட ஆள் வேண்டும். அன்று மாலை ஞானம் ஓட்டக்காரர்கள் தங்கியிருந்த அறைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். "உங்களுக்கு ஒரு மெடலும் கெடைக்காது, சர்டிபிகேட்டும் கெடைக்காது. வந்து ஓடுங்கப்பா" என்று கேட்டார். இப்படிக் கேட்டு எவன் வருவான் என்று நான் பல்லைக் கடித்தேன். ஐந்து பேர் வருவதாகச் சொன்னார்கள்.

அதோடு விட்டாரா? துப்பாக்கி சுடுபவரிடமிருந்து தோட்டாப் பெட்டியை வாங்கி வந்து, ஈரம் இழுக்கட்டும் என்று வீட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். விடியற்காலையில் உலைக்கு அரிசி எடுக்கக் கையை விட்ட செலின் என்ன நினைத்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ரகளை நடந்துகொண்டிருந்தது.

"அந்தப் புள்ள நேத்து சாப்புட வரல. கூப்புட்டு அனுப்பியும் வரல. நீங்க இங்க அரிசில வெடிய பொதச்சிட்டு இருக்கீங்க."

"இன்னிக்கு வருவான் செலின்."

"வரலன்னா உங்களுக்கும் சோறு கெடையாது."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஞானமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். அன்று அவர் கடிகாரம் எடுக்க வேண்டாம் என்று நான் நினைத்தேன். மைதானத்துக்குள் நுழையும்போது அதைச் சொல்லியும் விட்டேன். "எடுக்காம போனா, நேத்து பொய் சொன்னவன்னு ஆயிடும்" என்றார்.

வானம் வெளுத்திருந்தது. காற்று இல்லை. ஆறு பேர் கோட்டில் குனிந்தார்கள். துப்பாக்கிக்குப் பின்னால் கறுப்புப் பலகையைப் பிடித்திருந்தார்கள். ஞானம் உதட்டைக் கடித்துக்கொண்டு இமைக்காமல் நின்றார். பலகையில் வெள்ளையாகப் புகை பூத்தது, பிறகு சத்தம் வந்தது. ஹஸன் புறப்பட்டது சரியில்லை. பாதித் தூரம் வரை மூன்றாவதாக ஓடினார். கடைசியில் தலையை முன்னால் நீட்டிக் கோட்டைக் கடந்து, வேலிவரை ஓடிப் போய்த்தான் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று கடிகாரமும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ளதே கணக்கு. நாகராஜிடம் கேட்டேன். அவருடையது பழைய சாதனையேதான், இம்மிகூடக் குறையவில்லை. லதாவுடையது அதைவிடப் பத்தில் இரண்டு பங்கு குறைவு. ஆகவே எல்லாம் ஞானத்தின் கையில் இருந்தது. அவர் கடிகாரத்தைத் தானும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. அப்துல்லா பக்கத்தில் வந்து நின்றார், மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"காட்டு ஞானம்" என்றேன்.

விரித்தார். பழைய சாதனையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு.

அப்துல்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஞானத்தின் முகத்தைத்தான் பார்த்தார். "புகையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றார் ஞானம். "அப்ப சரி" என்று அப்துல்லா பூத்துக்கு நடந்தார். வேறு யார் கடிகாரமாக இருந்திருந்தாலும் அந்த ஒரு பங்கை அவர் நம்பியிருக்க மாட்டார், ஊரும் நம்பியிருக்காது. அன்று மத்தியானம் ஜோகுபாளையத்தில் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். ஹஸன் முதலில் ஞானத்தோடு பேசவில்லை. மூன்றாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்ட பிறகு பேசினார். சோற்றில் வெடிமருந்து வாசம் அடிப்பதாகச் சொன்னார்.

ஹஸன் அந்தப் போட்டிக்குப் போனார். முதல் சுற்றிலேயே வெளியேறினார். அவர்கள் நாட்டுக்கு ஓட்டத்தில் பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அவருடைய சாதனை பல ஆண்டுகள் நின்றது. அதற்கு எதிரே பெங்களூர் என்று எழுதியிருப்பதை எனக்கு ஒருமுறை அச்சில் காட்டி, "நம்ம ஊர் பேரு எங்க போய் உக்காந்திருக்கு பாரு" என்று சிரித்தார் ஞானம்.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி ஒலித்தது. செலின் எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். ஹஸன். இப்போது தன் தீவில் ஓட்டப்பந்தயங்களை நடத்துகிறாராம். அவருடைய சாதனை போன ஆண்டு உடைந்துவிட்டது என்றார். வருத்தமா என்று கேட்டேன். இல்லை என்றார். உடைத்தவரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆடினார்களாம். "நான் மட்டும் கடிகாரக்காரர்களிடம் போனேன். ஒவ்வொருவரிடமும் புகையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தோம் என்றார்கள். அப்புறம்தான் போய் அவனைக் கட்டிப்பிடித்தேன்" என்றார்.

ஞானத்தின் கடிகாரம் அவருடைய மகளிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சாம்பல் வானத்தின் கீழே, ஒரு நண்பனின் கண்ணெதிரே, யாரும் கேட்காமல் மேலே போன அந்தக் கையை நான் வைத்துக்கொள்கிறேன். இப்போதும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருக்கிறேன். என் பக்கத்தில் நிற்பவர்கள் எதற்கு என்று கேட்பதில்லை. அவர்களும் காத்திருக்கிறார்கள்.