என் சுவருக்கு மட்டும் ஒரு பிக்காசு

எங்கள் கீழக்கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அதற்காகவே எனக்கு மாடி எடுத்தார்கள். ஆனால் மாடி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது கத்தாரில் வேலை பார்க்கும் என் இரண்டு அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார்கள். அதுவும் கல் கல்லாக அடுக்கிக் கட்டுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அதற்குள் வந்து சுவர் வைப்பார்கள். படமெடுத்துக் கொத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர் அப்படியே கட்டுவார்.

என் அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னலே இல்லை. அதைப் பார்த்ததும் விளையாட்டுக்குள் போய் நாலு கல்லை உடைத்தேன். மறுநாளே காக்காமார் என் கையைக் கட்டிவிட்டார்கள்: சுற்றிப் பார்க்கலாம், எதையும் உடைக்க முடியாது. கல்யாணமாகப் போகிறவளுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் எதற்கு என்று பெரிய காக்கா கேட்டார். உம்மாவும் ஆமாம் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலம் முழுக்க அங்கே வேகப்போவது நான்தானே.

அந்த விளையாட்டு ஓடுவது எங்கள் வீட்டு லேப்டாப்பில். அதை அணைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் எனக்கு விட்ட வேலை. அதில் கட்டளை தட்டினால் எதுவும் நடக்கும் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வீடியோக்கள் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சிவப்பு எழுத்தில் திட்டும், நானும் பதிலுக்குத் திட்டுவேன். நினைத்திருந்தால் எல்லா உரிமையையும் எனக்கே கொடுத்திருக்கலாம். எனக்கு எதற்கு அது? விளையாட்டில் என் அறைச் சுவர் மட்டும்தான் மணற்கல். அந்தக் கல்லை மட்டும் உடைக்கிற, தேயவே தேயாத ஒரு பிக்காசு செய்தேன். ‘ஜன்னல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தேன்.

உடைத்தேன். பெரிய காக்கா வந்து அடைத்தார். மறுபடி உடைத்தேன், மறுபடி அடைத்தார். மூன்றாவது தடவை உடைத்த கையோடு இரண்டு பேரின் கட்டளை உரிமையையும் எடுத்துவிட்டு, அவர்களையும் சுற்றிப் பார்க்க மட்டும் விட்டேன்.

வெள்ளிக்கிழமை பெரிய காக்காவிடமிருந்து போன் வந்தது. “யாரைக் கேட்டு இதப் பண்ணுனே?”

“நீங்க யாரைக் கேட்டு அடச்சீங்க காக்கா? இருக்கப் போறது நானு. கொத்தனார்ட்ட ஜன்னல் வைக்கச் சொல்லுங்க, அப்புறம் உங்க கையை அவுத்து விடுறேன்.”

போனை வைத்துவிட்டார். அன்றைக்கு உம்மாவும் என்னோடு பேசவில்லை. நானும் போய்க் கெஞ்சவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொத்தனார் ஜன்னல் சட்டத்தோடு வந்தார். சொன்ன சொல் தவறவில்லை நான். ஆளுக்கொரு பிக்காசு செய்து காக்காமாருக்குக் கொடுத்தேன். அந்த வீட்டில் எந்தக் கல்லையும் அது உடைக்கும், மணற்கல்லைத் தவிர.