அண்ணையும் அந்தப் பொன் ஓடையும்

எங்கள் அண்ணை எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைக் ‘கல்லு அண்ணை’ என்றே அழைத்தீர்கள். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது. எங்கே போனாலும் ஒரு கல்லோடுதான் திரும்பி வருவார். லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அவர் இருந்த காலத்தில் யன்னல் விளிம்பு முழுவதும் கற்கள். அவற்றைத் தூசு தட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா காலமானபோது அவர் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துக்கொண்டிருந்தார். கல்லையும் மண்ணையும் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப்போகிறாய் என்று கேட்காத உறவினர் இல்லை. ஆனால் அந்தப் படிப்பினால் கொழும்பில் கிடைத்த அரசாங்க வேலைதான் எங்கள் எல்லோரையும் படிக்கவைத்தது, என்னைக் கரைசேர்த்தது. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்குப் போனவர், அடுத்த வருடம், நான் கலியாணமாகி வந்திருந்த லண்டனில், எங்கள் வாசலில் வந்து நின்றார்.

இங்கே அவரது பட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. முகம் சுளித்ததில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில்தான் அவருக்கு ஒரு கதவு திறந்தது. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஓர் ஓடையில் தங்கம் தேடப் புறப்பட்ட சிறிய கம்பனி ஒன்று, மண்ணைத் தோண்டிச் சோதித்து அறிக்கை எழுத அவரை எடுத்தது. அன்று அவர் முகத்தில் கண்ட சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். சோறு ஆறிப்போகும்வரை அந்த ஓடையைப் பற்றியே கதைப்பார்.

“பொன் தண்ணியில பிறக்கிறேல்லைப் பிள்ளை. அது மலைக்குள்ள, வெள்ளைக் கல்லு நரம்புகளுக்குள்ள கிடந்தது. பனிக்கட்டி ஆறுகள் அந்த மலையை அரைச்சுத் தள்ளினது. பனி உருகின தண்ணி அதை அள்ளிக்கொண்டு வந்தது. மற்றக் கல்லெல்லாம் உருண்டு போயிடும். பொன் பாரம். சரளைக்குள்ளால கீழ இறங்கி இறங்கி, அடிப்பாறையில இருக்கிற வெடிப்புக்குள்ள போய்ப் படுத்திடும்.”

நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னர் அங்கே நடந்ததையும் சொல்வார். வெளிநாட்டில் தங்கம் அரித்துப் பழகிய ஒருவர் ஊர் திரும்பி, அந்த ஓடையில் தட்டைப் போட்டு மண்ணை அரித்திருக்கிறார். செய்தி பரவியதும் மீனவர்கள், தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள் என்று ஒரு கூட்டமே கூடாரத்தோடு வந்து இறங்கிவிட்டது. சிலருக்கு மோதிரம் செய்யப் பொன் கிடைத்தது. பலருக்குக் காய்ச்சலும் வெறுங்கையுந்தான். கடைசியில் நிலத்துச் சொந்தக்காரர் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்.

இந்தக் கதையை என் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் காதில் விழுந்தது பொன் என்ற சொல் மட்டுந்தான். நோர்பரியில் அவருக்குச் சிறிய பலசரக்குக் கடை இருந்தது. கம்பனி பங்கு விற்கிறது என்று அறிந்ததும், வட லண்டன் எட்மண்டனில் இருந்த ஒரு சிநேகிதரோடு சேர்ந்து வீட்டை ஈடு வைத்துப் பங்கு வாங்கத் தீர்மானித்தார்.

“மச்சான் அங்க நிக்கிறார்தானே. எங்களுக்கு என்ன பயம்?” என்றார்.

அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, “மச்சான், அவசரப்படாதேங்கோ. கடையைப் பூட்டிப்போட்டு ரண்டு பேரும் ஒருக்கா வாங்கோ. உங்கட கையாலேயே அரிச்சுப் பாருங்கோ,” என்றார்.

போனோம். அண்ணை தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, கணவரை இழந்தவர், எங்களையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கம்பனி பெரிதாகத் தொடங்கினால் தன் மகனுக்கு அங்கே வேலை கிடைக்கும், அவன் ஊரைவிட்டுப் போகத் தேவையில்லை என்று கேட்காமலே எங்களுக்குச் சொன்னார். ஊர் முழுவதும் அந்த நம்பிக்கைதான்.

ஓடை எங்கள் ஊர் வாய்க்காலைவிடச் சற்று அகலம். தேநீர் நிறத்தில் தண்ணீர். கரையோரம் முழுவதும் பழைய ஆட்கள் தோண்டிய குழிகளும், அவர்கள் குவித்த கற்களின் மேல் வளர்ந்த புல்லும். அண்ணை கரையை வெட்டி எங்களுக்குக் காட்டினார். மேலே கரிய புல்மண், அதன் கீழ் சரளை, அதற்கும் கீழ் பனிக்கட்டி விட்டுப்போன களிமண், பிறகு பாறை. தட்டை என் கையில் தந்தார்.

“அரிக்கன் சட்டியில அரிசி அரிக்கிற மாதிரித்தான் பிள்ளை. பாரமானது அடியில நிக்கும்.”

அது எனக்குத் தெரிந்த வேலை. தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி விட, கடைசியில் கொஞ்சம் கருமணல் நின்றது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி மினுங்கியது. என் கணவர் குழந்தை மாதிரிக் குதித்தார்.

“இருக்கு! மச்சான், இருக்குது!”

“ஓம், இருக்கு,” என்றார் அண்ணை. “அது பாறை வெடிப்புக்குள்ள இருந்து எடுத்த மண். இனி நீங்கள் விரும்பின இடத்தில தோண்டுங்கோ.”

கணவர் பின்னேரம்வரை மழையில் நனைந்து, சின்னக் கொசுக்கள் முகத்தைப் பிடுங்கப் பிடுங்கத் தோண்டினார். நான் அரித்தேன். கருமணலைத் தவிர ஒன்றும் இல்லை.

“முந்தின ஆக்கள் நல்ல இடமெல்லாத்தையும் வழிச்சு எடுத்திட்டினம். மிச்சம் அங்கொண்டு இங்கொண்டுதான். மெசினுக்கு எண்ணெய் ஊத்தவும் காணாது, மச்சான்,” என்றார் அண்ணை.

கணவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். “உங்களுக்கு வேலை கிடைச்சிட்டுது. நாங்கள் முன்னேறுறது உங்களுக்குப் பிடிக்கேல்லை.”

அண்ணை ஓடைக்கரையில் குந்தினார். தட்டைக் கழுவினார்.

மறுநாள் ஊர் மண்டபத்தில் கம்பனி முகாமையாளர் கூட்டம் வைத்தார். இந்த ஓடை ஊரையே மாற்றப்போகிறது என்று அழகாகப் பேசினார். அப்போது வயதான மீனவர் ஒருவர் எழுந்து, முகாமையாளரை விட்டுவிட்டு, பின்வரிசையில் இருந்த அண்ணையைப் பார்த்துக் கேட்டார். “தோண்டிப் பார்த்தவர் நீங்கள். சொல்லுங்கள், இருக்கிறதா?”

முகாமையாளர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கே விளங்கியது. அண்ணை மெதுவாக எழுந்து நின்றார்.

“பொன் இருக்கிறது. நானே எடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கப் போதுமான அளவு இல்லை. என் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.”

அன்றே வேலை போயிற்று. வீட்டுக்கார அம்மா இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, எங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குப் போய்விட்டார். ரயிலில் என் கணவரும் பொருமித் தீர்த்தார். “உங்கட வேலையையும் கெடுத்து, என்ர வாயிலயும் மண்ணைப் போட்டிட்டியள்.” வீடு எங்கள் இருவரின் பெயரிலும் இருந்தது. ஈட்டுக்குக் கையெழுத்து வைக்க நான் மறுத்துவிட்டேன். அண்ணை, அங்கே கிடைத்த ஷிப்ட் வேலைக்குக் கிட்ட என்று ஒரு சாட்டுச் சொல்லி, எட்மண்டனில் அறை எடுத்துக்கொண்டு போனார். யன்னல் விளிம்பு வெறுமையாயிற்று. நான் அதைத் துடைப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்த கோடை முடியுமுன் கம்பனி இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு மறைந்துவிட்டது. பங்கு வாங்கிய சிநேகிதர் எங்கள் கடைக்கு வந்து, கல்லாப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதார். அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் கணவர் அங்கிருந்தே அண்ணையின் அறைக்குப் போயிருக்கிறார்.

“மச்சான், நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“முதல் உள்ளுக்கு வாங்கோ, குளிருது. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்கோ.”

அன்றைக்கே அண்ணையின் பெட்டியும் கற்களும் எங்கள் காரில் வந்து இறங்கின.

பிறகு கட்டடங்களுக்கு அத்திவாரம் போடுமுன் லண்டன் மண்ணைச் சோதிக்கும் வேலை ஒன்று கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதைச் சந்தோசமாகச் செய்தார். கலியாணம் பேசியபோதெல்லாம் சிரித்தே தட்டிக்கழித்தார். கோடை விடுமுறையில் அவரும் என் கணவரும் அந்த ஓடைக்குப் போய் வருவார்கள். முதல் தடவை போனபோது வீட்டுக்கார அம்மாவே கதவைத் திறந்து, “உங்கள் அறை அப்படியே இருக்கிறது” என்றாராம். மகன் தொழில் பழகிப் பக்கத்துப் பட்டினத்தில் தச்சுவேலை செய்கிறான் என்று சொல்லி, அவன் செய்த கதிரையில் அண்ணையை இருத்தினாராம்.

சென்ற ஆண்டு நோய் கண்டபோது அண்ணை அதையும் நிதானமாகவே ஏற்றுக்கொண்டார். கடைசி நாட்களில் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, பக்கத்திலேயே இருந்தார். அவர் கதைத்துக்கொண்டிருக்கவே, வலியின்றி அண்ணையின் மூச்சு அடங்கியது.

மருத்துவமனைத் தாதியருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த மோர்டன் அயலவருக்கும், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தகனத்தன்று, வேட்டிகளுக்கும் வெள்ளைச் சேலைகளுக்கும் நடுவே, கறுப்பு உடையில் வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒதுங்கி நின்றதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஸ்கொட்லாந்திலிருந்து தனியாக ரயிலேறி வந்த வீட்டுக்கார அம்மா அவர். நெருங்கிய உரித்துக்காரப் பெண்கள் வாய்க்கரிசி போட வரலாம் என்று ஐயா அழைத்தபோது, என் கணவர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஐயா கேள்வியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“இவவும் எங்கட ஆள்தான் ஐயா,” என்றார் என் கணவர்.

நான் விலகி இடம் விட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் நின்று, நான் செய்வதைப் பார்த்துப் பார்த்து, அண்ணைக்கு அரிசி போட்டார்.