கல்லாயி மரத்தில் இருந்த மணல்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், கொருக்குப்பேட்டை ரயில் பாதையை ஒட்டிய ஒரு மரவாடியில் நான் குமாஸ்தா. சரக்கு வேகன் வந்ததும், மரம் ஏற்றிய ஸ்டேஷனின் பெயரையும் மரத்தின் வகையையும் பதிவு செய்வது என் வேலை. அதையே தேதியுடன் என் சொந்த நோட்டிலும் எழுதிவந்தேன். மாகாணத்துக் காடுகளில் எந்த மரம் எங்கே அதிகம் என்று காட்டும் வரைபடம் ஒன்றைப் போட ஆசை. காடுகளைப் பற்றிப் படிப்பகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். காட்டுக்குப் போனதில்லை.

மூன்று வருடத்தில் வரைபடம் முடிந்தது. தேக்குக்குப் பச்சை, வேங்கைக்குச் சிவப்பு, மருதுக்குச் சாம்பல். அப்போது எங்கள் மாகாணத்தில் சேர்ந்திருந்த மேற்குக் கடற்கரையில் உள்ள கல்லாயியிலிருந்துதான் தேக்கு மிகுதியாக வந்தது. ஆகவே அந்த ஊரைச் சுற்றி அலை தொடும் இடம்வரை பச்சையை அப்பியிருந்தேன். கடலோரத்தில் தேக்குக் காடா என்று ஒருமுறை உறுத்தியது. ஏன், எண்ணூர் மணலில் சவுக்குத் தோப்பு நிற்கவில்லையா என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை படிப்பகத்தில் இதைக் கட்டுரையாக வாசிப்பதாக ஏற்பாடு. நோட்டீஸ்கூட ஒட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கல்லாயி மரம் வந்து இறங்கியது. மரத்தில் மிச்சமிருக்கும் பட்டையைச் சீவி அடுப்புக்கு எடுத்துப்போக இரண்டு பெண்கள் வழக்கமாக வருவார்கள். அவர்களில் மூத்தவள் அரிவாளை என் மேஜைமேல் போட்டாள்.

"கல்லாயி மரம் வர்ற அன்னிக்கு முன்னாடியே சொல்லிடு அண்ணாத்தே. நான் வூட்லயே குந்திகினு இருப்பேன்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"அருவா மொன்னையா பூட்ச்சி பாரு. பட்டைக்குள்ள அல்லாம் மணலு. ஆத்துல உருண்டு வந்த மரம்."

இளையவள் சிரித்தாள். "அவரு காட்டையே நோட்டுல மடிச்சி வச்சிகினு கீறாரு. அவராண்ட போய் அருவாளக் காட்டுறியே."

எழுந்து போய் மரத்தின் வெடிப்பில் விரலை விட்டேன். நுண்ணிய சாம்பல்நிற மணல் நகத்தில் ஏறியது. கூடவே மிளகளவு நத்தைக் கூடு ஒன்று.

அன்று அதற்குமேல் எதையும் ஒழுங்காக எழுத முடியவில்லை. சாயங்காலம் கால் போன போக்கில் நடந்து கால்வாய்க் கரையில் நின்றேன். படகுகளிலிருந்து சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கும் காட்சிதான். இந்தக் கரையில் கட்டை குவிந்திருக்கிறது என்பதற்காகக் கொருக்குப்பேட்டையில் சவுக்குத் தோப்பு இருப்பதாக நான் ஒருநாளும் எழுதியதில்லை. கல்லாயிக்கு மட்டும், மரம் ஏற்றிய ஊரையே மரம் வளர்ந்த காடு என்று எழுதியிருந்தேன்.

ஞாயிறு காலை யாருமில்லாத மரவாடியில் பேனாக்கத்தியால் ஒவ்வொரு மரமாகக் கிளறினேன். கல்லாயி மரம் எல்லாவற்றிலும் மணல். வேறு இரண்டு ஸ்டேஷன்களிலிருந்து வந்த மருதிலும் மணல். மணல் இல்லாதவை மாட்டுவண்டியில் எவ்வளவு தூரம் வந்தனவோ, அதைச் சொல்ல எந்தத் தடயமும் இல்லை. வீட்டுக்கு வந்து கட்டுரையின் தலைப்பை அடித்துவிட்டேன். "மாகாணத்துக் காடுகளின் மரங்கள்" என்றிருந்த இடத்தில் "கொருக்குப்பேட்டைக்கு வந்து சேர்ந்த மரங்கள்" என்று எழுதினேன். அதையே வாசித்தேன். வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை.

வாசித்து முடித்ததும் படிப்பகச் செயலாளர் கேட்டார்: "அப்போ தேக்குக் காடு எங்கதான் சார் இருக்கு?"

"ஆத்துக்கு மேல எங்கேயோ. எவ்வளவு மேலன்னு எனக்குத் தெரியாது" என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

மறுநாள் வாடி மேஸ்திரியிடம் பத்து நாள் லீவு கேட்டேன்.

"பத்து நாளா? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல. தேக்கு மரத்தைப் பாக்கணும்."

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இங்க கீறது இன்னாவாம்?"

லீவுக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டு, தேதியை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.