பவுடர் பூசிய கை

நீங்கள் என் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை, டாக்டர். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி பேனாவை நீட்டி, "திருப்பு" என்றீர்கள். திருப்பினார். "சொறிதான்" என்று சொல்லி ஆயின்மென்ட் எழுதினீர்கள். அவ்வளவுதான்.

அவர் என் அப்பா என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அன்று எங்கள் ஆஸ்பத்திரி மாடி ஹாலில் நர்சுகளான எங்களுக்கு ட்ரெயினிங். எல்லா நோயாளிகளையும் ஒரே மாதிரி மரியாதையாக நடத்துவது எப்படி என்று. பாடம் எடுத்தது நீங்கள். அதற்காக ஓ.பி.யைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தீர்கள். ஒரு நடிப்பு வைத்தீர்கள். அதில் நான் தோல் பதனிடும் ஷாப் தொழிலாளி, நீங்கள் டாக்டர். என் மணிக்கட்டைப் பிடித்து, "மொதல்ல தொடணும் சிஸ்டர்ஸ். முகத்தைப் பார்த்துப் பேசணும்" என்றீர்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "சார், இவகிட்ட பவுடர் வாசனை வருது. தோல் ஷாப் ஆளு மாதிரியே இல்ல" என்றாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ஆம்பூரில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனால், அப்பா கை முழுக்கப் பவுடர். விரல் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது.

"இன்னாப்பா இது கோலம்?"

"உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். போன வாட்டி சீட்டு குடுக்கிறவன், 'நாறுது, குளிச்சிட்டு வாய்யா'ன்னு திருப்பி அனுப்பிட்டான். குளிச்சிட்டுத்தான் போயிருந்தேன். அதான் இந்த வாட்டி பவுடர் ஜாஸ்தியா போட்டுக்குனு போனேன். டாக்டரு மாடில க்ளாஸ் எடுக்கணும்னு அவசரமா இருந்தாரு."

"எனக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"எதுக்கு? உன் கூட வேலை செய்றவங்க மூக்கைப் பொத்திக்கவா? உனக்குத்தான் பேஜாரு."

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அப்பா மாதிரித் தோல் ஷாப் ஆட்கள் லீவு போட்டுவிட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார்கள். துவைத்த சட்டை, மேலே பவுடர். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வாடை அதற்கெல்லாம் போகாது. அப்பா புண்ணின் மேலேயே பூசிக்கொண்டார். சீழ் வாடை அடிக்கக் கூடாதாம்.

நான் கழுவிப் பார்த்தேன். சொறி இல்லை. தோலைப் பதப்படுத்தும் குரோம் தண்ணீர் தின்ற குழிகள், ஆணி இறக்கியது போல வட்டமாக. ஆள்காட்டி விரலில் இருந்த குழியில் சீழ். லேசாக அமுக்கினதும் அலறினார். ஒரு ஈரப் பஞ்சால் துடைத்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாளே வேலூருக்குக் கூட்டிப் போனேன். எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். விரலை எடுத்துவிட்டார்கள். ஈரத்தோலைப் பிடித்து இழுக்க அந்த விரல் வேண்டும். ஷாப்பில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்து, "பவுடர் போட்டது என் தப்புதாம்மா" என்கிறார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சண்டை போடவும் தெம்பில்லை.

ஆனாலும் மறுபடி ட்ரெயினிங் அறிவித்திருக்கிறீர்கள். வருவேன். அப்பாவும் வருவார், ஷாப் சட்டையோடு, பவுடர் இல்லாமல். என்னைத் தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே ஹாலில், அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அன்று அந்தக் கையை ஏன் தொடவில்லை?